வரைகலை அட்டைக்கான மின்வழங்கியைத் தேர்ந்தெடுத்தல்

கணினி மின்வழங்கி என்பது வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை, கணினியின் உறுப்புகளுக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் கருவி ஆகும். தமிழ்நாட்டில் கடைக்காரரும் பயனரும் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்றே அழைப்பர். கிராபிக்ஸ் கார்டு எனப் பரவலாக அறியப்படும் வரைகலை அட்டையைப் புதிதாகப் பொருத்துவோர், ஏற்கனவே உள்ள மின்வழங்கி அதற்குப் போதுமா என்பதை முதலில் அறிதல் வேண்டும். மின்னழுத்தம் நிலையாக இராத சிற்றூர்களில், எடுத்துக்காட்டாகத் திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர் போன்ற ஊர்களில், இத்தேர்வு மேலும் கவனத்திற்குரியது.

12 வோல்ட் தடம்

மின்வழங்கியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் வாட் அளவு எல்லாத் தடங்களின் கூட்டுத்தொகையே. வரைகலை அட்டையோ ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட் தடத்தையே சார்ந்துள்ளது. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். வடிவத்தை வெளியிட்ட காலத்தில் செயலிகள் 5, 3.3 வோல்ட் தடங்களிலிருந்தே மின்சாரம் பெற்றன. 2000 இல் பென்டியம் 4 வந்தபோது செயலிக்கான மின்சாரம் 12 வோல்ட் தடத்திற்கு மாறியது. ஆயினும் கேபினெட்டுடன் சேர்த்து மலிவாக விற்கப்படும் மின்வழங்கிகள் பல, பழைய பங்கீட்டையே பின்பற்றின. '450 வாட்' எனப் பெயர் பெற்ற ஒன்றின் ஒட்டுத்தாளில் 12 வோல்ட்டிற்கு எதிரே 16 ஆம்பியர் எனக் குறித்திருந்தால், அத்தடம் தரக்கூடியது 192 வாட் மட்டுமே. எனவே பெயரைப் படிக்காமல் ஒட்டுத்தாளைப் படிக்க வேண்டும்.

தேவையைக் கணக்கிடல்

ஆர்.டி.எக்ஸ். 3060 அட்டை 170 வாட் வரை எடுத்துக்கொள்ளும். கோர் ஐ5-12400 செயலி உச்ச நிலையில் 117 வாட் எடுக்கும். இவ்விரண்டிற்குமே 12 வோல்ட்டில் ஏறத்தாழ 24 ஆம்பியர் வேண்டும். தாய்ப்பலகை, நினைவகம், வட்டு, விசிறிகள் ஆகியவற்றிற்கு 50 வாட் சேர்த்தால் மொத்தம் சுமார் 340 வாட். இவ்வட்டைக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் மின்வழங்கி. இடைவெளி வீண் அன்று. அட்டையின் நுகர்வு நொடியின் மிகச்சிறு பகுதியில் சராசரியைவிடப் பன்மடங்கு உயரக்கூடும்; அத்தருணத்தில்தான் போதாத மின்வழங்கி அணைந்துவிடும். விளையாட்டின் நடுவே கணினி திடீரென மறுதொடக்கமாவதற்கு இது ஒரு பொதுவான காரணம். பலர் இதனை அட்டையின் பழுது எனக் கருதிவிடுகின்றனர். 2022 இல் வெளியான ஏ.டி.எக்ஸ். 3.0 வரையறை இத்தகைய உச்சங்களைத் தாங்கும் திறனை வலியுறுத்துகிறது.

இணைப்பிகள்

தாய்ப்பலகையின் செருகுவாய் அட்டைக்கு 75 வாட் வரை தரும். 6 முனை இணைப்பி மேலும் 75 வாட்டும், 8 முனை இணைப்பி 150 வாட்டும் தரும். ஜி.டி.எக்ஸ். 1650 அட்டைகளில் பல, தனி இணைப்பியின்றிச் செருகுவாயின் மின்சாரத்திலேயே இயங்குவன. பழைய மின்வழங்கியை மாற்ற இயலாதவருக்கு அத்தகைய அட்டையே தக்கது.

சாட்டா இணைப்பியை 6 முனையாக மாற்றும் வடங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. சாட்டா இணைப்பியின் 12 வோல்ட் முனைகள் மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே தாங்கும். 6 முனையின் வழி அட்டை 75 வாட் கேட்கலாம். இதனால் இணைப்பி உருகுவதுண்டு. அவ்வாறே ஒரு நிறுவனத்தின் கழற்றக்கூடிய வடத்தை வேறு நிறுவன மின்வழங்கியில் செருகுதல் கூடாது. முனை வடிவம் பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறுபடும். அட்டையும் வட்டும் ஒருசேர எரிந்துபோகக்கூடும்.

சிற்றூர் மின்சாரம்

மின்மாற்றியிலிருந்து தொலைவில் உள்ள வீடுகளில், பாசன மோட்டார்கள் ஓடும் வேளையில் மின்னழுத்தம் தாழ்வது வழக்கம். விளக்கு மங்கும், மின்வழங்கியோ அதே வாட்டைத் தர முயன்று கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். 375 வாட் உள்ளீட்டிற்கு 230 வோல்ட்டில் 1.6 ஆம்பியர் போதும். 170 வோல்ட்டில் 2.2 ஆம்பியர் வேண்டும். இவ்விடங்களுக்கு '200–240 வோல்ட்' எனக் குறித்ததைவிட '100–240 வோல்ட்' எனக் குறித்த மின்வழங்கியே ஏற்றது.

தமிழ்நாட்டில் 2008 இல் தொடங்கிய மின்பற்றாக்குறை, 2012 இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலான மின்வெட்டாக முற்றியது. அக்காலத்தில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இடம்பிடித்தது. மின்சாரம் நின்றபின் கணினி மின்வழங்கி தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 16 மில்லிவினாடி மட்டுமே. ஆதலால் இன்வெர்ட்டரில் உள்ள யு.பி.எஸ். நிலையைத் தெரிவு செய்திருத்தல் அவசியம். 600 வி.ஏ. யு.பி.எஸ். பலவும் தருவது 360 வாட் அளவே. மேலே கணக்கிட்ட கணினியும் திரையும் அதன் எல்லையைத் தொட்டுவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் மெல்லிய அதிர்ச்சி ஏற்படுவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நில இணைப்பு இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். மின்வழங்கியின் இரைச்சல் வடிகட்டியில் உள்ள மின்தேக்கிகள் நிலக்கம்பியை நோக்கிச் சிறு கசிவை அனுப்புகின்றன. அக்கம்பி எங்கும் சேராதபோது கேபினெட் ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். விலையுயர்ந்த மின்வழங்கியாலும் இது தீராது. மின்பணியாளரைக் கொண்டு எர்த் கம்பியைச் சரிபார்ப்பதே வழி. அட்டையை வாங்குமுன் இதனைச் செய்துவிடல் நன்று.

கழற்றிய பழைய மின்வழங்கியைத் திறந்து பார்த்தல் ஆகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் முதன்மை மின்தேக்கியில் 300 வோல்ட்டிற்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும்.