பாதிச் சுவர் டைலின் மேல்விளிம்பு

பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி செல்லும் சாலையில் எலப்புள்ளி இருக்கிறது. அங்கே பழைய வீடு ஒன்றின் அடுக்களையை அண்மையில் கண்டோம். நான்கடி உயரம் வரை புதிய டைல். அதற்கு மேல் பழைய பூச்சு. தனித்தனியே இரண்டிலும் குறையில்லை. ஆனால் இரண்டும் சந்திக்கும் கோட்டில், ஓரிடத்தில் டைல் சுவரோடு ஒட்டி நின்றது. இரண்டு முழம் தள்ளி, விரல் நுழையும் இடைவெளி. வெள்ளைச் சிமெண்டால் அடைத்தது சில மாதங்களிலேயே வெடித்து, எறும்புகளுக்குக் குடியிருப்பாகியிருந்தது. பழுதுபார்ப்புக்கு வாங்கிய கடனும் அதற்குள் தீர்ந்திருந்தது.

கொத்தனார்கள் இவ்வேலையை 'டேடோ' என்பர். இத்தாலிய மொழியில் பகடைக்காயைக் குறிக்கும் சொல் எப்படியோ நம் அடுக்களை வரை வந்து சேர்ந்துவிட்டது.

டைல் வளையாது, பழைய சுவரோ எங்கும் மேடு பள்ளம். கூரை வரை ஒட்டினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். பாதியில் நிறுத்தினால், குனிந்து வேலை செய்பவரின் கண்ணெதிரே அப்படியே தெரியும். ஆகவே முதல் டைல் ஒட்டுமுன்பே தூக்குக்குண்டும் நூலும் பிடித்து, மிக ஆழமான பள்ளத்தை அளந்து கொள்ள வேண்டும்.

பள்ளம் சிறிதெனில் பூச்சாலேயே நேராக்கலாம்; கனமான பூச்சை ஒரே நாளில் ஏற்றாமல் இரு தடவையாக ஏற்றுவதே நல்லது. மண்சுவரில் சிமெண்டுப் பூச்சு நேரடியாகப் பிடிக்காது. கம்பிவலை அடித்துப் பூச வேண்டும். சுவரில் ஈரம் ஏறுகிறதெனில் டைல் அதை மறைக்குமே தவிர நிறுத்தாது.

சுவரை நேராக்க வழியில்லையெனில், அலுமினிய பீடிங் உதவும். கடைசி வரிசை ஒட்டும்போதே அதன் தகட்டை டைலுக்கடியில் பதிக்க வேண்டும். பிறகு செருக இயலாது. வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் பட்டையை நாம் பரிந்துரைப்பதில்லை. அது சுவரின் கோணலை வரைந்து காட்டிவிடும். பள்ளம் ஆழமெனில், இரண்டங்குல கிரானைட் பட்டையை மேலே படுக்கவைப்பதே சிறந்தது. முன்விளிம்பு நேராக நிற்க, பின்விளிம்பைச் சுவரின் போக்கில் தேய்த்துப் பொருத்துவர். எஞ்சிய இடைவெளிக்கு அக்ரிலிக் சீலண்ட் போதும். சிலிகான் மீது பெயிண்ட் நிற்காது.

பழைய தரை சரிந்திருக்கக் கூடுமாதலால், உயரத்தைத் தரையிலிருந்து அளக்கலாகாது. ரசமட்டத்தால் கோடு போடுக. சன்னல் அருகிலிருந்தால் மேல்விளிம்பை அதன் அடிக்கட்டையோடு இணைத்துவிடுவது கண்ணுக்கு இதம்.

டைல் வேலைக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி பேசுவோர், விளிம்பு வேலையை அடிக்கணக்கில் தனியே பேச மறப்பதுண்டு. கடனுக்கான மதிப்பீட்டிலேயே அதற்கொரு வரி இருக்கட்டும். பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழிவு கோரலாம் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

எலப்புள்ளி வீட்டில், வெடித்த சிமெண்டைச் சுரண்டி எடுத்துக் கிரானைட் பட்டை வைத்தார்கள். அதன்மேல் இப்போது உப்பு, புளி, மிளகாய்ப்பொடிச் சம்புடங்கள் வரிசையாக நிற்கின்றன.