பாதத்தை அளந்து தைக்கும் கை

கையால் தைத்த தோல் ஷூ என்றதும் பலருக்கும் லண்டன், மிலான் கடைவீதிகளும் லட்ச ரூபாய் விலையும்தான் நினைவுக்கு வரும். வடசென்னையில் அந்தத் தொழிலுக்கான தேவை வேறு இடத்திலிருந்து வருகிறது. காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர், துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவர், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர், திருவொற்றியூரில் விடியற்காலை இட்லிக் கடை போடும் அம்மா. இவர்களில் ஒருவருக்குப் பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய் இருந்து பாதம் மரத்துப்போய்விட்டால், கடையில் நம்பர் சொல்லி வாங்கும் செருப்பே அவருக்கு எதிரி. அவர் காலை அளந்து, அந்தக் காலுக்கென்றே யாராவது உட்கார்ந்து தைத்துத் தர வேண்டும். கால் விரல் தங்குமா, போகுமா என்பது பல நேரம் அந்தத் தையலைப் பொறுத்தது.

இதை ஆராய்ந்து சொன்னவர்களும் சென்னைக்காரர்கள்தான். ராயபுரத்தில் 1954இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் டாக்டர்களும், அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் (சி.எல்.ஆர்.ஐ.) விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த ஆய்வு 2004இல் ‘டயாபடீஸ் கேர்’ இதழில் வெளிவந்தது. ஏற்கெனவே காலில் புண் வந்து ஆறிய 241 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குச் சிகிச்சைக்கென்று செய்த, உள்ளே மெத்தென்ற அடுக்கு வைத்த காலணிகள். மற்றவர்கள் வழக்கமாகப் போடும் செருப்பையே போட்டார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான செருப்புக்காரர்களில் 33 சதவீதம் பேருக்குப் புதிதாகப் புண் வந்திருந்தது. சிகிச்சைக் காலணி போட்டவர்களில் அது 4 சதவீதம். ஒரு மாத்திரை இவ்வளவு வித்தியாசம் காட்டியிருந்தால் ஊர் முழுக்க அதன் பெயர் தெரிந்திருக்கும். செருப்பு என்பதால் இருபது வருடம் கழித்தும் பாதிப் பேருக்கு மேல் கேள்விப்பட்டதே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

செருப்பு எப்படிப் புண்ணாக்கும்? நல்ல பாதத்துக்கு ஓயாத காவல் ஒன்று உண்டு. ஷூவுக்குள் ஒரு கல் கிடந்தால் இரண்டடி வைப்பதற்குள் நின்று உதறிவிடுவோம். ஒரே இடத்தில் அழுத்தினால் நமக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொள்வோம். சர்க்கரையால் நரம்பு பழுதுபட்டவருக்கு அந்தக் காவல் போய்விடுகிறது. ஆணி முனை ஏறினாலும் தெரியாது. பெருவிரலுக்குக் கீழுள்ள எலும்பு மேட்டில் தினமும் ஒரே புள்ளியில் அழுத்தம் விழுந்து, தோல் தடித்து ஆணிக்கால் ஆகி, அதற்கடியில் சதை நைந்து, ஒருநாள் சாக்ஸில் ஈரம் பட்டால்தான் புண் இருப்பதே தெரிகிறது. ரத்த ஓட்டமும் குறைந்த காலென்றால் அது ஆறுவதற்குள் கிருமி எலும்புவரை போய்விடும். சித்திரை வெயிலில் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் கல் தரையில் வெறுங்காலோடு சுற்றி வந்து, வீட்டுக்குப் போன பிறகுதான் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. சாமி கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. வெயில் ஏறுமுன் போங்கள் என்று சொல்லலாம்.

உணர்ச்சியில்லாத பாதத்துக்குக் காலணி செய்யும் பாடத்தைத் தமிழ்நாடு முதலில் கற்றது தொழுநோயிடமிருந்து. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை என்று காட்டினார். வலி தெரியாததால் தினம் தினம் படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்றார். காயம் படாமல் பார்த்துக்கொண்டால் கால் நிற்கும். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மையத்திலும் டாக்டர்களும் செருப்புத் தைப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து வழி தேடினார்கள். நுண்ணிய காற்றறைகள் கொண்ட எம்.சி.ஆர். ரப்பர் அட்டை அந்தத் தேடலில் நிலைபெற்றது. பெருவிரலால் அழுத்தினால் பாதிக்கு அமுங்கும், விட்டால் எழும்பும். பாதத்தின் எடையை ஒரு புள்ளியில் விழவிடாமல் பரப்பிக் கொடுப்பது அதன் வேலை. அதே அட்டைதான் பின்னாளில் சர்க்கரை நோயாளிகளின் செருப்புக்குள்ளும் வந்தது.

இனி அந்தக் கை செய்யும் வேலையைப் பார்ப்போம்.

அளவு மாலையில் எடுப்பதே நல்லது. பகல் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். அந்த வீக்கத்துக்கும் ஷூவில் இடம் வேண்டும். காகிதத்தின் மேல் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதத்தையும் தனித்தனியே வரைவார்கள், ஏனென்றால் இடதும் வலதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிறகு டேப்பால் சுற்றளவுகள்: விரல்கள் தொடங்கும் மேட்டில் ஒன்று, பாதத்தின் முதுகில் ஒன்று, குதிகாலிலிருந்து மேலே சாய்வாக ஒன்று. கடை அளவில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே நீளத்தில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். அகலத்தைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. நம் பாதங்கள் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலமானவை என்பது தைப்பவர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். சி.எல்.ஆர்.ஐ. 2021-22இல் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை அளந்து அதை உறுதி செய்து, இந்தியப் பாதத்துக்கென்று ‘பா’ என்ற புதிய அளவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறது.

அளவு முடிந்ததும் லாஸ்ட். பாதத்தின் வடிவில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த கட்டை. ஷூ உருவாவது இதன் மேல்தான். தொழிற்சாலையில் ஒரு அளவுக்கு ஒரே லாஸ்ட். கைத்தொழிலாளி இருக்கிற கட்டையை எடுத்து, அளந்த பாதத்தில் எங்கே மேடோ அங்கே தோல் துண்டு ஒட்டி உயர்த்துவார். எங்கே ஒடுக்கமோ அங்கே அரத்தால் ராவுவார். பெருவிரல் கோணியவருக்கும், ஒரு விரல் எடுக்கப்பட்டவருக்கும், பாத எலும்புகள் நொறுங்கி உள்ளங்கால் படகுபோல் வளைந்தவருக்கும் கட்டை தனித்தனி. இந்த ஒரு படியில்தான் கையின் அறிவு முழுக்க இருக்கிறது என்பேன். மற்றதையெல்லாம் ஓரளவு இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம்.

அடுத்தது தோல் வெட்டுவது. தோலை விரித்துப்போட்டு, இரண்டு கையாலும் அங்கங்கே இழுத்துப் பார்ப்பார்கள். முதுகுப்பக்கத் தோல் இறுக்கமானது, உழைக்கும். வயிற்றுப்பக்கம் தளர்ந்தது, இழுத்தால் நீளும். ஷூவின் முன்பாகம் முதுகிலிருந்து வரவேண்டும். வெளியில் தெரியாத நாக்குப் பகுதிக்கு வயிற்றுத் தோல் போதும். நீளவாக்கில் இழுபடாமலும் குறுக்குவாக்கில் கொஞ்சம் கொடுத்தும் இருக்கும்படி துண்டைத் திருப்பி வைத்து வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் ஷூ காலை விட்டு நீண்டுகொண்டு போகும்.

வெட்டிய துண்டுகளின் ஓரத்தை உளியால் சீவி மெல்லியதாக்குகிறார்கள். உளியைச் சாய்த்து ஒரே இழுப்பில் இழுக்க, தோல் சுருளாக வந்து விழும். கை கொஞ்சம் அழுத்தினாலும் துண்டு பாழ். சீவாமல் மடித்துத் தைத்தால் மூன்று தோல் கனத்தில் உள்ளே ஒரு வரம்பு எழும்பி நிற்கும். நல்ல காலுக்கு அது சின்னத் தொந்தரவு. மரத்த காலுக்கு அந்த வரம்பு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை ஒரே இடத்தில் உரசும் அரம். அதனால் சர்க்கரை நோயாளிகளின் ஷூவில் விரல் பக்கம் உள்தையலே வரக்கூடாது. விரலுக்கு மேலே கூடுதல் உயரமும் விட வேண்டும்.

தைத்த மேல்தோலை நனைத்து இளக்கி, லாஸ்ட் மேல் போர்த்தி, இடுக்கியால் கீழே இழுத்து உள்ளட்டையில் ஆணி அடித்து நிறுத்துவதுதான் கடினமான கட்டம். முதலில் விரல் முனை, பிறகு குதிகால், பிறகு பக்கங்கள். முன்னங்கால் வளைவில் தோல் சுருக்கம் சுருக்கமாகச் சேரும். அவற்றைச் சமமாகப் பிரித்து ஒன்றும் தெரியாமல் படியவைப்பது வருடக்கணக்கில் பழகிய விரல்களுக்கே வரும். அப்படியே சில நாள் கட்டையிலேயே காயவிட்டால், தோல் அந்த வடிவத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்குவார்கள். எத்தனை அடித்தோமோ அத்தனையும் வந்ததா என்று எண்ணிவிட்டு, உள்ளே கையை விட்டு விரல் நுனிவரை தடவிப் பார்ப்பார்கள். நோயாளியின் காலால் உணர முடியாததைத் தைத்தவர் தன் கையால் உணர்ந்து பார்க்கும் இந்தத் தடவலைத்தான் நான் இந்தத் தொழிலின் உச்சமாக நினைக்கிறேன்.

கடைசியில் அடித்தோல். பசை போட்டு ஒட்டுவது மலிவு, வேகம். பழைய முறையில் மேல்தோலையும் உள்ளட்டையையும் சுற்றி வெல்ட் என்ற ஒடுக்கமான தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு அடித்தோலைத் தைப்பார்கள். அடி தேய்ந்தால் அதை மட்டும் பிரித்துப் புதிது போடலாம், மேல்பாகத்தைத் தொட வேண்டியதில்லை. கைத்தையலில் குத்தூசியால் ஒரு துளை, அதன் வழியே மெழுகு பூசிய நூலின் இரண்டு முனைகளும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து போகும். நடுவில் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியும்.

நம் வெயிலுக்கும் வருமானத்துக்கும் நாள் முழுக்க ஷூ எல்லோருக்கும் சரிப்படாது. பெரும்பாலான நோயாளிகளுக்குப் பின்பட்டை வைத்த சாண்டல்தான் பொருத்தம். விரலிடைப் பட்டை கூடாது, அது விரலிடுக்கை அறுக்கும். பின்பட்டை இல்லாவிட்டால், உணர்ச்சியில்லாத காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்து போய்விடுவார்கள். உள்ளே எம்.சி.ஆர்., கீழே கடினமான ரப்பர், பட்டைகளுக்கு வெல்க்ரோ. ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிலாளிகளுக்கு இன்னொரு சிக்கல். ஆலை வாசலில் பாதுகாப்பு ஷூ கட்டாயம். ஐ.எஸ். 15298 தரத்தில் விரல்மேல் கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். கனமான பொருள் விழும் இடத்தில் அது இல்லாமல் முடியாது. ஆனால் அகலப் பாதத்தை அந்த இரும்புத் தொப்பிக்குள் திணித்து எட்டு மணி நேரம் நிற்பவருக்குச் சர்க்கரையும் இருந்தால் சுண்டுவிரலில்தான் முதல் புண். கம்பெனி ஒரே வகை ஷூவை மொத்தமாக வாங்காமல் அகல அளவும் சேர்த்து வாங்கினாலே பாதி தீரும்.

இவ்வளவு பொறுமையான வேலை ஏன் அருகிப்போனது என்பதற்குக் காரணம் ஒளிந்திருக்கவில்லை. கட்டையில் தோலை இழுத்து நிறுத்தும் வேலை நெடுங்காலம் இயந்திரத்துக்கு வசப்படவில்லை. அமெரிக்காவின் லின் நகரில் ஷூ ஆலைத் தொழிலாளியாக இருந்த கறுப்பின இளைஞர் யான் மாட்செலிகர் 1883இல் அதற்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தேர்ந்த கை ஒரு நாளில் 50 ஜோடி முடித்த இடத்தில் அவர் இயந்திரம் 150 முதல் 700 ஜோடிவரை முடித்தது. ஷூ ஏழைக்கும் எட்டியது, அது நல்லதே. ஒரு முழு ஷூவைத் தொடக்கம் முதல் முடிவுவரை அறிந்த ஆள் மட்டும் ஆலைக்குத் தேவைப்படாமல் போனார்.

வடசென்னைக்குத் தோல் புதிதல்ல. ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போய், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலானது. போர்க்காலத்திலேயே, 1915இல், வண்ணாரப்பேட்டையில் அரசு தோல் தொழில் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. இன்று தரமணியில் இருக்கும் தோல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வேர் அதுதான். பெரியமேட்டில் தோல் மண்டிகள் பெருகின. ஆனால் வெகுகாலம் இங்கிருந்து போனது பாதி பதனிட்ட தோலே. ஷூ வேறு ஊரில் உருவானது. 1970களில் மத்திய அரசின் சீதாராமையா குழு தந்த பரிந்துரைக்குப் பிறகு ஏற்றுமதி விதிகள் மாறி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகள் முழு ஷூவாகவே அனுப்பத் தொடங்கின. அந்த வளர்ச்சி ஆலைக்கு வந்தது. சாலையோரத்தில் குடைக்குக் கீழே மூன்று கால் இரும்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் வரவில்லை.

அவரிடம் இருப்பது தோலறிவு. தோலைத் தொட்டதற்காகவே அவர் சாதியைத் தள்ளி வைத்த ஊர், அந்த அறிவை ஒருநாளும் படிப்பாகக் கணக்கில் எடுத்ததில்லை. பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று அவர் சொன்னால் அதை எதிர்த்துப் பேச நமக்கு உரிமையில்லை. செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாதி பார்க்காமல் யார் வேண்டுமானாலும் கற்கும் மருத்துவத் தொழில்நுட்பப் பணியாகக் காலணி செய்வதை ஆக்கி, ஏற்கெனவே கை பழகியவர்களுக்குச் சான்றிதழும் பாதம் பார்க்கும் பயிற்சியும் கொடுத்து, அரசு மருத்துவமனைகளில் சம்பளத்தோடு உட்காரவைக்கலாம். பயிற்சி தர கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அடையாற்றில் சி.எல்.ஆர்.ஐ. இருக்கிறது. நோயாளிகள் ஸ்டான்லி மருத்துவமனை வரிசையில் நிற்கிறார்கள். ஒரு விரலை வெட்டும் அறுவைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு ஜோடி சாண்டல் எவ்வளவு என்று சுகாதாரத் துறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அதுவரை வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்கலாம். வருடத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடம் பாதத்தைக் காட்டி, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். வலிக்காமல் ஒரு நிமிடத்தில் முடியும். செருப்பு வாங்குவது மாலையில் இருக்கட்டும். புதிதை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கண் மங்கியவருக்கு வீட்டில் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். போடும்முன் தினமும் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். மழையில் நனைந்த தோலை வெயிலில் வைக்காமல், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். எம்.சி.ஆர். அட்டை போகப்போக அமுங்கித் தட்டையாகிவிடும். மேலே தோல் புதுசுபோல் இருந்தாலும், அழுத்தினால் எழும்பாத அட்டை பயன்படாது, தைத்தவரிடம் கொண்டுபோய் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.