புதிய உரத்தைச் சோதிக்க இணைப் பாத்திகள்

புதிய இரகம், நுண்ணூட்டம், இலைவழித் தெளிப்பு என்று எதையேனும் வாங்கிப் போட்ட ஆண்டில் மகசூல் கூடிவிட்டால், அது அதன் பலன்தான் என்று நம்பிவிடுவது வழக்கம். அவ்வாண்டு மழை நன்றாகப் பெய்திருக்கலாம். போட்ட இடம் முன்பு ஆட்டுக்கிடை கட்டிய இடமாக இருக்கலாம். போடாத பகுதி புளியமர நிழலில் இருந்திருக்கலாம். பலன் உரத்தினுடையதா, இடத்தினுடையதா என்று அறியாமல் ஆண்டுதோறும் பணம் போடுவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது.

நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் இடுவதை எடுத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு 10 கிலோ பரிந்துரைக்கப்படுகிறது. தம் மண்ணுக்கு இது பலன் தருமா என்று பார்க்க விரும்புவோர், தலைமடையில் இட்டுக் கடைமடையில் இடாமல் விட்டு ஒப்பிடக்கூடாது. தண்ணீரும் வண்டலும் முதலில் சேருவது தலைமடையில்தான். எனவே தலைமடை, நடுப்பகுதி, கடைமடை ஆகிய மூன்று இடங்களிலும் அருகருகே 5 சென்டில் இரண்டிரண்டு பாத்திகள் அமைக்க வேண்டும். ஒவ்வோர் இணையிலும் ஒரு பாத்திக்கு மட்டும் 500 கிராம் துத்தநாக சல்பேட்டை ஒரு கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, நடவுக்குச் சற்று முன்பாகத் தூவ வேண்டும்.

எந்தப் பாத்திக்கு இடுவது என்பதை ஒவ்வோர் இணைக்கும் காசைச் சுண்டி முடிவு செய்தல் அவசியம். விவசாயியே தேர்ந்தெடுத்தால் கை தானாக நல்ல பாத்திக்கே போகும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843-ல் தொடங்கிய கோதுமைச் சோதனையில், எருவே இடாத ஒரு துண்டு ஒப்பீட்டுக்காக இன்றும் உள்ளது. 1919-ல் அங்கு பணியில் சேர்ந்த ஆர். ஏ. ஃபிஷர், ஒப்புப் பாத்தி மட்டும் போதாது, குலுக்கல் முறையில் பிரிப்பதும் பல இடங்களில் திரும்பச் செய்வதும் வேண்டும் என்று நிலைநாட்டினார்.

நாற்று, நடவு நாள், இடைவெளி, மற்ற உரங்கள் எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு பாத்தி நீர் மற்றதில் பாயாதபடி வரப்பும் தனி வாய்மடையும் தேவை. உரமிட்ட பாத்திக்கு மட்டும் ஆசையாக இன்னொரு களை எடுத்தால் சோதனை அங்கேயே கெட்டது.

அறுவடையில் வரப்போரம் இரண்டு வரிசைகளை ஒதுக்கி, உள்ளே சமபரப்பில் அறுத்து, காயவைத்து எடை போட வேண்டும். எடை போடுபவருக்கு எது எந்தப் பாத்தி நெல் என்று தெரியாதிருப்பது நல்லது.

மூன்று இணைகளிலும் உரமிட்ட பாத்தியே முந்தினாலும் உடனே முடிவு கட்டக்கூடாது. உரத்தால் பயனே இல்லாவிட்டாலும், எட்டில் ஒரு முறை தற்செயலாகவே அப்படி நேரும். மறுபருவத்திலும் செய்து ஆறு இணைகளிலும் முந்தினால், அது தற்செயலாக நேர 64-ல் ஒரு வாய்ப்பே உண்டு. துத்தநாகம் மண்ணில் தங்கி அடுத்த பயிருக்கும் உதவும் என்பதால், மறுபருவச் சோதனையை வேறு வயலில் வைத்துக்கொள்ள வேண்டும்.