ஊர் திரும்பிய கசப்பு

இந்தியாவின் பெயரைத் தாங்கிய பீர், அமெரிக்கா வழியாக இந்தியாவுக்குத் திரும்பியிருக்கிறது. கடலை வென்ற அந்தப் பானத்துக்கு இன்று கோடை வெயில்தான் எதிரி.

முதல் மடக்கில் முகம் சுளிக்காதவர்கள் குறைவு. பெங்களூர் இந்திராநகரின் பீர் கூடங்களில் இது சகஜமான காட்சி. வழக்கமான பீர் என்று நினைத்துக் குடித்தவர் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். நிறம் தேன் போல் இருக்கிறது. மூக்கில் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளிய வாசனை. நாக்கிலோ பாகற்காய். அடுத்த மடக்கில் கசப்புக்குப் பின்னாலிருந்து மால்ட்டின் மெல்லிய இனிப்பு தலைகாட்டுகிறது. மூன்றாவது மடக்குக்குள் அவர் கட்சி மாறிவிடுகிறார். அல்லது பழைய லாகருக்கே திரும்பிவிடுகிறார்.

இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐ.பி.ஏ., என்பது இந்தப் பானத்தின் பெயர். பெயரில் இந்தியா இருந்தாலும் பிறந்த இடம் இங்கிலாந்து. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறைக்கு அருகே, லண்டனின் போ பகுதியில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவர் பீர் ஆலை நடத்தினார். கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணையில் கடன் கொடுத்ததுதான் அவருடைய வியாபார சூட்சுமம். இந்தியாவுக்குப் புறப்படும் கப்பல்களில் காலி இடம் நிறைய இருந்ததால் சரக்குக் கட்டணமும் குறைவு. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கைந்து மாதங்கள் குலுங்கியபடி பீப்பாய்கள் கல்கத்தா வந்து சேர்ந்தன.

இந்தப் பயணத்துக்காகவே ஹாட்ஜ்சன் ஒரு புதிய பீரைக் கண்டுபிடித்தார் என்பது பிரபலமான கதை. ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டியவர் ஆங்கிலேய பீர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல். 1780களிலேயே கல்கத்தா பத்திரிகையில் பேல் ஏல் விளம்பரம் வந்திருக்கிறது. கறுப்பு நிற போர்ட்டர் பீரும் அதே கடல்வழியில் கெடாமல் வந்து இறங்கியது. ஹாட்ஜ்சன் செய்தது கண்டுபிடிப்பு அல்ல, வியாபாரம்.

அவருடைய ஆலையின் ஆதிக்கத்தை உடைத்தது பர்ட்டன் நகரம். 1820களின் தொடக்கத்தில் கம்பெனி தரப்பின் தூண்டுதலால் அந்த ஊர் சாமுவேல் ஆல்சாப் களத்தில் இறங்கினார். பாஸ் நிறுவனம் பின்தொடர்ந்தது. ஜிப்சம் கலந்த பர்ட்டன் கிணற்று நீர் கசப்பைத் தெளிவாகத் தூக்கிக் காட்டியது. 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் 1829இல் சிட்னி பத்திரிகை விளம்பரம் ஒன்றில் காணப்படுகிறது.

கசப்புக்குக் காரணம் ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூவின் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் தூளாகப் படிந்திருக்கும் பிசினில்தான் எல்லாம் இருக்கிறது. கொதிக்கும் மால்ட் சாற்றில் ஆரம்பத்திலேயே பூவைப் போட்டால் கசப்பு இறங்கும். அது பீரைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்களைத் தடுக்கும். மணம் மட்டும் ஆவியோடு போய்விடும். மணம் வேண்டுமென்றால், ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி தூவுவதுபோல, கடைசியில் போட வேண்டும். நொதித்து முடிந்து ஆறிய பீரில் போட்டு ஊறவைப்பதும் உண்டு.

இங்கிலாந்தில் மங்கிப்போன இந்த வகைக்கு மறுவாழ்வு கொடுத்தது அமெரிக்கா. பம்பளிமாஸ் வாசனை வீசும் 'காஸ்கேட்' ரக ஹாப்ஸ் 1972இல் அங்கு வெளியிடப்பட்டது. கலிஃபோர்னியாவின் சிகோ நகரில் 1980இல் தொடங்கிய சியரா நெவாடா ஆலையின் பேல் ஏல், அந்த வாசனையையே அடையாளமாக்கியது. பழைய ஆங்கிலேய ஏலில் கசப்பு காவலாளி. புதிய அமெரிக்க ஏலில் வாசனைதான் எஜமானன்.

இந்தப் புதிய வடிவம்தான் இந்தியாவுக்கு வந்தது. புனேயில் 2009இல் 'டூலாலி' திறந்தது. நாசிக் அருகே தேவ்லாலியில் இருந்த வெள்ளைக்காரர்களின் ராணுவ முகாமிலிருந்து பிறந்த கொச்சைச் சொல் அது. பெங்களூரில் 2010இல் 'டாய்ட்' வந்தது. ஸ்ட்ராங் பீரின் கையில் இருக்கும் சந்தையில் இவற்றின் பங்கு சிறிதுதான். ஆனால் போதைக்காக அல்ல, ருசிக்காகக் குடிப்பவர் என்ற புதிய ரகத்தை இவை உருவாக்கின.

ருசிக்கவும் ஒரு முறை இருக்கிறது. ஐஸ் போலக் குளிர்ந்த பீரில் வாசனை அடங்கிவிடும். சற்றே குளிர் தணிந்திருக்க வேண்டும். கோப்பையை நிரப்பாமல் மூக்குக்கு இடம் விட வேண்டும். நுரை அடங்குமுன் முகர வேண்டும்: ஆரஞ்சுத் தோலா, மாம்பழமா, பைன் மரப் பிசினா? பிறகு சிறு மடக்கு. விழுங்கிய பின்பு தொண்டையில் நிற்கும் கசப்பைக் கவனிக்க வேண்டும். சுத்தமாகத் தேய்ந்து மறைந்தால் நல்ல ஏல். நாக்கைப் பிறாண்டினால் பூவின் அளவு தப்பிவிட்டது.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தாலோ, பீர் கிழமாகிவிட்டது என்று அர்த்தம். வேடிக்கை இங்கேதான். வெப்ப மண்டலக் கடலில் மாதக்கணக்கில் கிடந்தும் தாக்குப்பிடித்ததாகப் புகழ்பெற்ற பானத்தின் வாரிசு, நாக்பூர் கோடையில் ஒரு தகரக் கூரைக் கிடங்கில் சில வாரங்கள் கிடந்தாலே வாடிவிடுகிறது. காரணம் எளிது. அன்றைய ஏல் புளிக்காமல் வந்து சேர்ந்தால் போதும். அதைக் கசப்பு பார்த்துக்கொண்டது. இன்றைய ஏலின் உயிர் வாசனையில் இருக்கிறது. காற்றும் வெப்பமும் முதலில் பறிப்பது அதைத்தான். வெளிச்சமும் ஆகாது: கண்ணாடி வழியே வெயில் பட்டால் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் கிளம்பும். பழுப்பு பாட்டிலின் ரகசியம் அதுவே.

அதனால்தான் காய்ச்சிய இடத்திலேயே விற்கும் சிறு ஆலைகளில் இந்த ஏல் பிழைக்கிறது. பாட்டிலிலோ டின்னிலோ ஊர் ஊராகப் போக வேண்டுமானால் ஆலையிலிருந்து கடைவரை குளிர்பதனம் தேவை. அந்தச் செலவு விலையில் ஏறும். அதைத் தவிர்த்தால் குடிப்பவருக்குக் கசப்பு மட்டும் மிஞ்சும். முதல்முறை அதைக் குடித்தவர் குறை கிடங்கில் இருப்பதை அறியாமல், ஐ.பி.ஏ. என்றாலே இப்படித்தான் என்று ஒதுக்கிவிடுவார்.

பூவும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. ஹாப்ஸ் கொடிக்குக் கடுங்குளிரும், நீண்ட பகல் கொண்ட கோடையும் வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில் அது விளைகிறது என்றாலும், வாசனை ஏல்களுக்கான ரகங்களுக்கு இந்திய ஆலைகள் அமெரிக்காவையும் ஜெர்மனியையும்தான் பெரும்பாலும் நம்பியிருக்கின்றன.

ஆகவே பாட்டில் வாங்குபவர் பெயரில் உள்ள இந்தியாவைப் பார்த்து மயங்க வேண்டாம். திருப்பிப் பார்த்துத் தயாரித்த தேதியைப் படிக்க வேண்டும். கடைக்காரர் அதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தாரா, ஜன்னலோர அலமாரியிலிருந்து எடுத்தாரா என்பதையும் கவனிப்பது நல்லது.