பாஸ், ஸ்டாக் நோட்டு எங்கே?

குறிஞ்சிப்பாடியில் ஒரு லுங்கி குடோன்னு நினைச்சுக்கோங்க. உள்ளே கட்டுக்கட்டா சரக்கு. எது எத்தனை இருக்குன்னு சொல்ற ஸ்டாக் நோட்டு மட்டும் நாலு தெரு தள்ளி, முதலாளி வீட்டுப் பரண்ல. நோட்டும் சரக்கும் ஒத்துப்போகலைன்னா? வியாபாரம் அம்பேல்!

உங்க லினக்ஸ் லேப்டாப்பிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கு. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்களே... உங்க அண்ணன், அக்காவைக் கேட்டால் தெரியும். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது அது. அஸ்திவாரம், டெபியன்.

டெபியன் குடும்பத்தில் நீங்க போடும் சாஃப்ட்வேர் பெரும்பாலும் 'யூஎஸ்ஆர்' ஃபோல்டரில் போய் உட்காரும். எது இருக்கு, எந்த வெர்ஷன் என்ற கணக்கு மட்டும் 'வார்' ஃபோல்டரில். அதற்குள் 'லிப்', அதற்குள் 'டிபிகேஜி', அதற்குள் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு ஃபைல். வெறும் டெக்ஸ்ட்தான், திறந்தே படிக்கலாம். அடிக்கடி மாறும் தகவல் 'வார்'-ல் இருக்கணும் என்பது யூனிக்ஸ் காலத்துப் பழக்கம்.

அப்புறம் என்ன பிரச்னை? அப்டேட் சொதப்பினால், சிஸ்டத்தை நேற்றைய நிலைக்கே திருப்பும் ஸ்னாப்ஷாட் வசதி வந்தது. அதில் 'யூஎஸ்ஆர்' மட்டும் பின்னால் போய், 'வார்' அப்படியே நின்றால்... சரக்கு நேற்றையது, நோட்டு இன்றையது! 'பாதுகாப்பு ஓட்டையை அடைச்சாச்சு'ன்னு நோட்டு சொல்லும். ஓட்டை திறந்தே கிடக்கும். அடுத்த அப்டேட்டும் நோட்டை நம்பி, கண்டுக்காமல் தாண்டிப் போகும்.

இதனால்தான் ஓபன்சூசே தன் ஆர்பிஎம் நோட்டை 'யூஎஸ்ஆர்' பக்கம் மாற்றியது. 2022-ல் ஃபெடோரா 36-ம் அதே வழிக்கு வந்தது. டெபியன் இன்னும் 'வார்'-லேயே இருக்கு.

நம்ம ஓட்டு? சரக்கு இருக்கும் இடத்திலேயே நோட்டும் இருக்கட்டும்!

அதுவரை நீங்க செய்ய வேண்டியது ரெண்டு. ஸ்னாப்ஷாட் எடுத்தாலும் திருப்பினாலும் 'யூஎஸ்ஆர்', 'டிபிகேஜி' இரண்டையும் சேர்த்தே செய்யுங்க. அப்புறம், 'ஸ்டேட்டஸ்' ஃபைலை பென் டிரைவில் ஒரு காப்பி. டெபியனே தினமும் பழைய நகல் வைக்குதேன்னு கேட்கறீங்களா? வைக்குது. எங்கே தெரியுமா? அதே 'வார்'-ல், 'பேக்கப்ஸ்' ஃபோல்டரில்! அந்தப் பார்ட்டிஷன் போனால் நோட்டும் போச்சு, நகலும் போச்சு.

ப்ராஜெக்ட் சப்மிட் பண்ற அன்னிக்குத் தேடாதீங்க. இன்னிக்கே காப்பி எடுங்க பாஸ்!