ஷெரிப்: ஒரு பழைய ஆங்கிலச் சொல்லும் அதன் பல பதவிகளும்

ஷெரிப் என்பது ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் பல்வேறு அரசுப் பதவிகளுக்கு வழங்கும் பெயர். சொல் ஒன்றாக இருந்தாலும் பதவிகள் ஒன்றல்ல. இங்கிலாந்தில் அது ஊதியம் இல்லாத ஒரு மரியாதைப் பதவி, ஸ்காட்லாந்தில் நீதிபதி, அமெரிக்காவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் காவல் தலைவர், ஆஸ்திரேலியாவில் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அலுவலர். சென்னையிலும் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஒரு ஷெரிப் இருந்தார். தமிழில் செய்தி எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இச்சொல்லை எங்கு கண்டாலும் 'காவல்துறைத் தலைவர்' என்று எழுதிவிடுவது வழக்கம். 'எடின்பரோ ஷெரிப் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்' என்ற செய்தி இவ்வாறு மாறினால், காவலரே தண்டனை விதித்ததாக ஆகிவிடும்.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் 'ஷிர்' என்றால் நாட்டின் ஒரு நிருவாகப் பகுதி. இன்றும் யார்க்‌ஷர், லங்காஷர் போன்ற பெயர்களின் ஈற்றில் நிற்பது இதுவே. 'கெரேவா' என்றால் ஆண்டவரின் சார்பில் நிலத்தையும் வருவாயையும் கவனித்துக்கொள்ளும் அலுவலர். இது பின்னாளில் 'ரீவ்' என்று தேய்ந்தது. இரண்டும் சேர்ந்த 'ஷிர்கெரேவா' என்ற கூட்டுச்சொல் காலப்போக்கில் சுருங்கி 'ஷெரிப்' ஆயிற்று. நம் வழக்கில் சொல்வதானால் 'நாட்டு மணியக்காரர்' என்பது இதற்கு மிக நெருங்கிய பெயர்ப்பு. வரி தண்டுவதே முதல் வேலை, அதிகாரம் அதிலிருந்து கிளைத்தது என்ற வகையில் நம்மூர்க் கலெக்டர் பதவியும் இதற்கு உறவுதான்.

இங்கிலாந்தில்

ஷெரிப் பதவி 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பே இருந்தது. புதிய ஆட்சியாளர்கள் பழைய பதவிகள் பலவற்றை ஒழித்தாலும் இதை ஒழிக்கவில்லை. ஒவ்வொரு ஷயரிலும் அரசரின் கையாகச் செயல்பட ஓர் ஆள் அவர்களுக்கும் தேவைப்பட்டது. அரசருக்குரிய வருவாயைத் தண்டுவது, கைதிகளைக் காவலில் வைப்பது, நீதிமன்றத்தைக் கூட்டுவது, படைக்கு ஆள் திரட்டுவது எல்லாம் ஷெரிபின் பொறுப்பு. குற்றவாளியைத் துரத்திப் பிடிக்க ஊரிலுள்ள ஆண்களை அழைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. இந்தத் திரளுக்கு லத்தீனில் 'பாஸே கோமிட்டாட்டஸ்' என்று பெயர். கௌபாய்ப் படங்களில் குதிரையேறிக் கொள்ளையரைத் துரத்தும் 'பாசி' என்ற கூட்டத்தின் பெயர் இதன் முதற்பாதியே.

வருவாய் தண்டும் முறைதான் ஷெரிபுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. ஒரு ஷயருக்கு இவ்வளவு என்று குறித்த தொகையை அவர் அரசுக் கருவூலத்தில் கட்டவேண்டும். அதற்கு மேல் தண்டியதில் பெரும்பகுதி அவர் கையில் நிற்கும். இப்படி ஓர் ஏற்பாட்டில் எந்த ஷெரிபும் கருணையோடு வரி தண்டியிருக்க முடியாது. புகார்கள் பெருகவே 1170இல் இரண்டாம் ஹென்றி நாடு முழுவதும் ஷெரிபுகளின் நடத்தையை விசாரிக்கச் செய்து, பெரும்பாலோரைப் பதவியிலிருந்து நீக்கினார். 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவும் அரசருக்குரிய பெருங்குற்ற வழக்குகளை ஷெரிபுகள் விசாரிக்கக் கூடாது என்று தடுத்தது.

ராபின் ஹூட் கதைகளின் கொடிய நாட்டிங்காம் ஷெரிப் இந்த வெறுப்பிலிருந்து பிறந்தவர் எனலாம். ஒரு நுணுக்கம்: கதை நடப்பதாகச் சொல்லப்படும் காலத்தில் 'நாட்டிங்காம் ஷெரிப்' என்று ஒரு பதவியே இல்லை. நாட்டிங்காம்ஷர், டார்பிஷர் ஆகிய இரண்டு ஷயர்களுக்கும் சேர்த்து ஒருவர் இருந்தார். நாட்டிங்காம் நகருக்கெனத் தனி ஷெரிப் வந்தது 1449இல்தான். அந்தப் பதவி இன்றும் இருக்கிறது. நகர்மன்ற உறுப்பினர் ஒருவர் அதை வகிக்கிறார். ராபின் ஹூட்டைத் தேடி வரும் சுற்றுலாப் பயணிகளை வரவேற்பதும் அவர் வேலைகளுள் ஒன்று.

அதிகாரங்கள் ஒவ்வொன்றாக நீதிபதிகளுக்கும் காவல்துறைக்கும் வரித்துறைக்கும் போய்ச்சேர, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்று எஞ்சியிருப்பது 'உயர் ஷெரிப்' என்ற ஓராண்டு மரியாதைப் பதவி. நீதிமன்றத் தீர்ப்புகளை நிறைவேற்றும் வேலைகூட 2004 முதல் தனி அலுவலர்களிடம் போய்விட்டது. ஆனால் நியமனச் சடங்கு மாறவில்லை. பெயர்ப் பட்டியலில் தேர்வானவரின் பெயருக்கு எதிரே அரசர் பேனாவால் குறியிடுவதில்லை. கூரிய ஊசியால் தோல்சுருளில் துளை இடுகிறார். முதலாம் எலிசபெத் தையல் வேலையில் இருந்தபோது பட்டியல் வந்ததால் கையிலிருந்த ஊசியால் குத்தினார் என்பது கதை. துளையிடும் வழக்கம் அவருக்கு முந்தியது. காரணம் வேறு. பதவிக்கு ஊதியம் இல்லை, செலவோ மிகுதி. எனவே பலர் தப்பிக்கப் பார்த்தனர். தோலில் எழுதிய மையைச் சுரண்டி எடுக்கலாம், துளையை எடுக்க முடியாது.

ஸ்காட்லாந்தில் நீதிபதி

ஸ்காட்லாந்தில் ஷெரிப் பதவி பல இடங்களில் பிரபுக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தாக இருந்தது. 1745ஆம் ஆண்டு யாக்கோபியர் கிளர்ச்சிக்குப் பின் பிரபுக்களின் பிடியைத் தளர்த்த விரும்பிய லண்டன் அரசு, 1746ஆம் ஆண்டுச் சட்டத்தால் பரம்பரை நீதி அதிகாரங்களை ஒழித்தது. அந்த இடத்துக்குச் சட்டம் படித்த துணை ஷெரிபுகள் வந்தனர். இங்கிலாந்தில் நீதி விசாரணையை இழந்த அதே பதவி, இங்கு நீதி விசாரணையை மட்டுமே வைத்துக்கொண்டு வளர்ந்தது.

இன்று ஸ்காட்லாந்தின் பெரும்பாலான வழக்குகள் ஷெரிப் நீதிமன்றங்களில் முடிகின்றன. நாடு ஆறு ஷெரிப் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது; ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை ஷெரிப் உண்டு. 15 பேர் கொண்ட நடுவர் குழுவுடன் விசாரிக்கும் வழக்கில் ஷெரிப் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். நீதிமன்ற அறிவிப்பைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு 'ஷெரிப் அலுவலர்' என்று பெயர். அவர் ஷெரிப் அல்லர்.

நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1799 முதல் 1832இல் இறக்கும் வரை செல்கர்க்‌ஷரின் துணை ஷெரிபாக இருந்தார். ராபின் ஹூட்டை நாயகர்களுள் ஒருவராக்கி 'ஐவன்ஹோ' நாவலை எழுதியவர் தாமே ஒரு ஷெரிப் என்பது சுவையான பொருத்தம்.

அமெரிக்காவில்

1634இல் விர்ஜீனியா எட்டு ஷயர்களாகப் பிரிக்கப்பட்டபோது ஷெரிபும் கடல் கடந்து போனார். அரசர் நியமித்த பதவி அங்கே காலப்போக்கில் மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவியாயிற்று. இன்று 3,000க்கும் மேற்பட்ட கவுன்டிகளில் ஷெரிபுகள் உள்ளனர். மிகப் பெரும்பாலோர் தேர்தலில் வென்று வந்தவர்கள். நகரங்களில் நகரக் காவல்துறை இருக்க, நகர எல்லைக்கு வெளியே காவல், கவுன்டிச் சிறையின் நிருவாகம், நீதிமன்றப் பாதுகாப்பு, கடனில் மூழ்கிய வீடுகளை ஏலம் விடுதல் ஆகியவை ஷெரிபின் பணிகள். லூசியானா மாநிலத்தில் அவர் வரியும் தண்டுகிறார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஷிர்கெரேவா ஒருவர் உயிர்த்தெழுந்து வந்தால், இங்கிலாந்தைவிட லூசியானாவிலேயே தம் வேலையை அடையாளம் காண்பார்.

முன்பு தூக்குத்தண்டனையை நிறைவேற்றுவதும் ஷெரிபின் கடமை. நியூயார்க் மாநிலத்தின் ஈரி கவுன்டியில் 1871 முதல் 1873 வரை ஷெரிபாக இருந்த குரோவர் கிளீவ்லாந்து இருவரைத் தம் கையாலேயே தூக்கிலிட்டார். பின்னாளில் அவர் இருமுறை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆனார்.

திரைப்படங்கள் காட்டும் நட்சத்திர வில்லை அணிந்த ஷெரிப் முழுக் கற்பனை அல்லர். 1881இல் பில்லி தி கிட் என்ற கொள்ளையனைச் சுட்டுக் கொன்ற பேட் காரெட், நியூமெக்சிகோவில் லிங்கன் கவுன்டியின் ஷெரிப். ஆனால் அப்படங்களில் ஷெரிபும் 'மார்ஷலும்' ஒருவரே போலக் குழப்பப்படுவது உண்டு. மார்ஷல் வேறு பதவி, வேறு சொல். அதன் வேர்ப்பொருள் குதிரைப் பணியாள்.

மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதால் ஷெரிபை இடமாற்றம் செய்யவோ எளிதில் நீக்கவோ மேலதிகாரி கிடையாது. இதன் விளைவு இருவகை. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர்க் காவல் தலைவர்கள் சரிபார்க்க வேண்டும் என்ற 1993ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தை எதிர்த்து, மொன்டானாவின் ஜே பிரின்ட்ஸ் உட்பட இரு ஷெரிபுகள் தொடுத்த வழக்கில், நடுவண் அரசு அவர்களை அவ்வாறு ஏவ முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறுபுறம், அரிசோனாவின் மாரிகோப்பா கவுன்டியில் 24 ஆண்டுகள் ஷெரிபாக இருந்த ஜோ அர்பையோ, குடியேறிகள் என்று ஐயுற்றவர்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்ற நீதிமன்ற ஆணையை மீறியதற்காக 2017இல் குற்றவாளி எனத் தீர்ப்பிடப்பட்டார். தண்டனை அறிவிக்கப்படும் முன்பே அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு அளித்தார். அவர் பதவியிழந்தது இந்தத் தீர்ப்பாலும் அல்ல. முந்தைய ஆண்டுத் தேர்தலில் வாக்காளர்களே அவரை அனுப்பியிருந்தனர்.

சென்னை, மும்பை, கொல்கத்தா

1726ஆம் ஆண்டு முதலாம் ஜார்ஜ் வழங்கிய பட்டயத்தின்படி சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் மேயர் நீதிமன்றங்கள் அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓராண்டுக் காலத்துக்கு ஒரு ஷெரிப் நியமிக்கப்பட்டார். அழைப்பாணை சார்பு செய்வது, சொத்தைப் பற்றுகை செய்வது, நடுவர் குழுவுக்கு ஆள் கூட்டுவது, தண்டனையை நிறைவேற்றுவது அவர் பொறுப்பு. நீதிமன்றத்தின் பெயர் மாறி உயர் நீதிமன்றம் ஆனபின்னும் பதவி தொடர்ந்தது.

இப்பதவியின் மிகத் துயரமான நாள் 1775 ஆகஸ்ட் 5. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது ஊழல் குற்றம் சாட்டிய மகாராஜா நந்தகுமார், கள்ளப் பத்திரம் தயாரித்தார் என்ற வழக்கில் தண்டிக்கப்பட்டு அன்று கல்கத்தாவில் தூக்கிலிடப்பட்டார். அதை நிறைவேற்ற வேண்டியிருந்த ஷெரிப் அலெக்சாண்டர் மக்ராபி, ஹேஸ்டிங்ஸின் எதிரியான பிலிப் பிரான்சிஸின் மைத்துனர். நந்தகுமார் கலங்காமல் இறப்பை எதிர்கொண்டதை அவர் விரிவாக எழுதி வைத்துள்ளார். அந்த நாளைப் பற்றி நேரில் கண்டவர் எழுதியதாக இன்றும் எடுத்துக்காட்டப்படும் குறிப்பு அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷெரிபுக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. நகரத்தார் ஒரு பொதுப் பிரச்சினையைப் பேசவேண்டுமானால் ஷெரிபுக்கு விண்ணப்பிப்பார்கள். அவர் பொதுக்கூட்டம் கூட்டுவார். மூன்று நகரங்களிலும் இந்தியர்கள் இப்பதவிக்கு வரத் தொடங்கியதும் இந்நூற்றாண்டில்தான். கல்கத்தாவில் திகம்பர் மித்ரா, பம்பாயில் மருத்துவர் பாவு தாஜி, சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே சத்திரம் கட்டிய ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் ஆகியோர் அவர்களுள் சிலர்.

விடுதலைக்குப் பின் இது முற்றிலும் மரியாதைப் பதவியாயிற்று. பம்பாயில் நடிகர் திலீப் குமாரும் கிரிக்கெட் வீரர் சுனில் கவாஸ்கரும், கொல்கத்தாவில் ரவீந்திர சங்கீதப் பாடகி சுசித்ரா மித்ராவும் ஷெரிபாக இருந்துள்ளனர். சென்னையில் 1990களின் இறுதியில் பதவி கைவிடப்பட்டது. மற்ற இரு நகரங்களில் தொடர்ந்தது. மும்பையில் ஷெரிப் அலுவலகத்துக்கு உண்மையான வேலை ஒன்று எஞ்சியுள்ளது: கடன் தீர்க்காத கப்பலை உயர் நீதிமன்றம் 'கைது' செய்ய ஆணையிட்டால், அதை நிறைவேற்றுவதும், தேவைப்பட்டால் ஏலம் விடுவதும் ஷெரிபின் பெயரிலேயே நடக்கும்.

பெயர்களில்

ரீவ் என்ற பதவிப் பெயர் குடும்பப் பெயராகவும் நிலைத்தது. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் இதற்கு நன்கு தெரிந்த சான்று. ஷெரிபிலிருந்து வந்த குடும்பப் பெயர் 'ஷ்ரீவ்'. ஆற்றில் கிடந்த மரக்கட்டைகளை அகற்றிப் படகுப் போக்குவரத்தைத் திறந்துவிட்ட ஹென்றி மில்லர் ஷ்ரீவின் பெயரால் லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட் நகரம் அமைந்துள்ளது. கனடாவின் சில மாகாணங்களில் ஊரக நகராட்சியின் தலைவருக்கு இன்றும் 'ரீவ்' என்றே பெயர்.

டோல்கீன் தம் கற்பனை நாடான ஷயருக்குப் பன்னிரண்டு 'ஷிரிப்'களைக் கொடுத்தார். பழைய ஆங்கிலப் பேராசிரியரான அவர் வேண்டுமென்றே வேரைக் காட்டும் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தார். பாப் மார்லி 1973இல் பாடிய பாடல் தலைப்பிலும், 'டாய் ஸ்டோரி' படத்தின் பொம்மை வுடியின் பட்டத்திலும் இருப்பது அமெரிக்க ஷெரிப். மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் திரான்ஸ்னிஸ்திரியாவில், முன்னாள் காவலர்கள் 1990களில் தொடங்கிய 'ஷெரிப்' என்ற வணிக நிறுவனம் அதே நட்சத்திரத்தைச் சின்னமாகக் கொண்டது. அதன் கால்பந்துக் கழகமான ஷெரிப் திராஸ்போல் 2021 செப்டம்பரில் ரியல் மாட்ரிட் அணியை அதன் சொந்த மைதானத்தில் 2–1 என்று வீழ்த்தியது.

தொடர்பில்லாத ஒரு சொல்

அரபியில் 'ஷரீப்' என்றால் உயர்ந்தவர், மேன்மையுடையவர். மெக்காவை ஆண்டவர்களின் பட்டமாகவும் இது இருந்தது. நவாஸ் ஷெரீப், நடிகர் ஓமர் ஷெரீப், தமிழ்க் கவிஞரும் திரைப்பாடலாசிரியருமான கா. மு. ஷெரீப் ஆகியோரின் பெயர்கள் இந்த அரபுச் சொல்லைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ் முஸ்லிம்கள் பலர் இப்பெயரைப் பதவிப் பெயரின் எழுத்துகளிலேயே எழுதுவதால் இரண்டும் ஒன்று என எண்ண இடமுண்டு. இரண்டுக்கும் வேர் வேறு. தமிழில் பதவியை 'ஷெரிப்' என்று குறிலாகவும் பெயரை 'ஷெரீப்' என்று நெடிலாகவும் எழுதினால் குழப்பம் வராது. ஆனால் சென்னையின் பழைய செய்தித்தாள்கள் இரண்டையும் நெடிலாக எழுதியிருப்பதைக் காணலாம்.