அக்கியின் எரிச்சலுக்கு மனநோய் மாத்திரையா?

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வது நம் வழக்கம். சென்ற ஆண்டு அவ்வாறு பனவடலிசத்திரத்தில் ஓர் இல்லத்தினுள் நுழைந்தபோது, எழுபதைக் கடந்த மூதாட்டியொருவர் மார்பின் இடப்பக்கத்தில் சேலை படாதபடி கையால் விலக்கிப் பிடித்தவாறு அமர்ந்திருந்தார். அக்கி கண்டு, குயவரிடம் காவியால் எழுதியும் பார்த்து, பின்னர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் பத்து நாள் படுத்துத் திரும்பியவர். கொப்புளங்கள் ஆறி மூன்று மாதமாகியும் எரிச்சல் ஆறவில்லை. துணி உரசினாலே தீப்பட்டாற்போல் துடித்தார்.

இரவில் உண்ணும்படி மருத்துவர் ஒரு சிறு மாத்திரை எழுதித் தந்திருந்தார். வீட்டார் அதனைக் கொடுக்கவில்லை. மருந்துக்கடையில் யாரோ, "இது மனநோய்க்குக் கொடுப்பது" என்று சொல்லிவிட்டாராம். பேத்திக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். செய்தி வெளியே போனால் என்னாவது? "சாமி, எனக்கு வலிதான் இருக்கு, கிறுக்கு இல்லை" என்று மூதாட்டி கண்ணீர் விட்டார். ஏன் இந்த மாத்திரை என்று விளக்கிச் சொல்ல அம்மருத்துவமனையில் எவருக்கும் நேரமில்லை போலும்! நாமும் அன்று விடை தெரியாமல்தான் நின்றோம். பின்னர் மருத்துவர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்ததையே இங்கு எழுதுகிறோம்.

அம்மாத்திரையின் பெயர் அமிட்ரிப்டிலின். 1961 முதல் மனச்சோர்வுக்கு வழங்கப்படுவது என்பது உண்மையே. ஆனால் அவருக்கு அது எழுதப்பட்டது மனத்துக்காக அன்று. முன்னொரு காலத்தில் கண்ட சின்னம்மையின் கிருமி நரம்பு வேரில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, உடல் தளர்ந்தபோது விழித்தெழுவதே அக்கி. அது நரம்பைப் புண்படுத்திவிட்டால், தோலில் ஒன்றுமில்லாதபோதும் அந்நரம்பு மூளைக்கு வலிச்செய்தி அனுப்பிக்கொண்டேயிருக்கும். சாதாரண வலி மாத்திரைகள் இதற்குப் பெரும்பாலும் உதவா. மூளையிலிருந்து முதுகுத்தண்டின் வழியே இறங்கி வலியை அடக்கும் நரம்புகளும் நமக்கு உண்டு. அவை பயன்படுத்தும் செரட்டோனின், நாரட்ரினலின் என்னும் பொருள்கள் விரைவில் மறைந்துவிடாதபடி இம்மருந்து காக்கிறது. மனச்சோர்வுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படலாம். இவ்வலிக்கோ 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குகிறார்கள். நீரிழிவினால் பாதம் எரிவோர்க்கும், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருவோர்க்கும் இதனையே கொடுப்பதுண்டு. புற்றுநோய் வலிக்கென உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட முறையிலும் இவ்வின மருந்துகளுக்குத் துணைமருந்தாக இடமுண்டு.

இதன் முன்கதை வேடிக்கையானது. 1952-இல் நியூயார்க் நகரின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, அவர்கள் எதிர்பாராத உற்சாகம் கொண்டார்கள். மனச்சோர்வு மருந்துகளின் வரலாறு அங்கேதான் தொடங்கிற்று. நெஞ்சுநோய்க்கு வந்தது மனத்துக்குப் போயிற்று. மனத்துக்கென்று வந்த வேறொன்று இப்போது நரம்புக்கு வருகிறது.

எல்லார்க்கும் பலன் கிடைப்பதில்லை. கிடைப்பவர்க்கும் சில வாரம் பொறுக்க வேண்டும். வாய் உலரும், மலம் கட்டும், தூக்கம் தள்ளும். முதியோர் இரவில் எழுந்து நடக்கையில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதயத்துடிப்பில் கோளாறு, கண்நீர் அழுத்தம், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறவேண்டும். பல நாள் உண்டதைத் திடீரென நிறுத்துவதும் தவறு.

வலியைப் பொறுப்பதே புண்ணியம், மருந்தை நாடுவது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோரும் நம்மிடையே உளர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பிப்ரவரியில் மருத்துவர்களிடம் பேசுகையில், வலி தணிக்கும் மருந்தை ஏற்பது கிறிஸ்தவனுக்கு ஆகும் என்றே தெளிவுபடுத்தினார். மறு ஆண்டு செப்டம்பரில், தாம் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, மனநல மருந்துகளை ஆராயும் அறிஞர்களையும் வரவேற்று உரையாற்றினார். மேலும், அது மனநோயாகவே இருந்தால்தான் என்ன? நீரிழிவுக்கு மருந்துண்பதை மறைக்கிறோமா?

இவற்றையெல்லாம் வீட்டாரிடம் எடுத்துரைத்தோம். மகன் மருத்துவரை மீண்டும் கண்டு வந்தார், மாத்திரை தொடங்கியது. முதல் வாரம் வாய் உலர்கிறது என்று நம்மிடமே குறைபட்டுக்கொண்டார் மூதாட்டி. ஐந்தாம் வாரம் இரவில் உறங்கினார். எரிச்சல் முற்றும் நீங்கவில்லை, பாதியாயிற்று என்கிறார்.

பேத்தியின் ஓலை கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கப்பட்டது. மூன்று ஞாயிறும் முன்வரிசையில், இடத்தோளில் சேலையை நன்றாக இழுத்துப் போர்த்தியபடி அமர்ந்திருந்தார்.